ஆறு வாளித் தோட்டம்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். தருமபுரியில் அந்த இளமை பஞ்சாங்கத்தோடு சரி. பங்குனி பிறந்துவிட்டால் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கக்கூடச் செருப்பு வேண்டும். ஆனால் அதற்குச் சற்று முன்னால், மாசியின் கடைசி நாட்களில், தெருமுனைப் புங்க மரம் பழைய இலையெல்லாம் கொட்டிவிட்டு ஒரே வாரத்தில் பளபளவென்று தளிர்த்து நிற்கும். விடியற்காலையில் கொஞ்சம் பனி மிச்சமிருக்கும். மாமரங்களில் பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவுக்கு வந்திருக்கும். அதையெல்லாம் பார்த்தால் கை பரபரக்கும். போன மாசியில் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

எங்கள் வீடு பென்னாகரம் சாலையில், ஊர் முடிந்து புளியமரங்கள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பின்னால் இருபதுக்குப் பதினைந்து அடி வெற்றிடம். நான் கும்பகோணம் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் வீட்டின் பின்புறத்துக்குக் கொல்லை என்று பெயர். கல்யாணமாகி வந்த புதிதில், மாமா எங்கே என்று கேட்டதற்குக் கொல்லையில் இருக்கிறார் என்று அத்தை சொன்னார். நான் காப்பித் தம்ளரோடு வீட்டுக்குப் பின்னால் போய்த் தேடினேன். அவர் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கேழ்வரகுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். இங்கே கொல்லை என்றால் மானாவாரி நிலம். காப்பி ஆறிப்போனது; கதை மட்டும் இன்றுவரை ஆறவில்லை, விசேஷ வீடுகளில் யாராவது எடுத்துவிடுகிறார்கள்.

சொல்லைப் போலவே மண்ணும் வேறு. நான் பிறந்த ஊரில் காய்ந்த மிளகாயை உதறிய இடத்தில் மிளகாய்ச் செடி வரும். வண்டல் மண்ணுக்கு நம் உதவி அதிகம் தேவைப்படாது. இங்கே மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே பாறை. முதல் குழியில் இரண்டாவது அடியிலேயே கடப்பாரை ‘ணங்’ என்றது. தோண்டியதில் அரைச் செங்கல்கள், சிமென்ட் கட்டிகள், வீடு கட்டியபோது கொத்தனார் தொலைத்துவிட்டுத் தேடிய கரண்டி எல்லாம் கிடைத்தன. மண் மட்டும்தான் குறைவாகக் கிடைத்தது.

விதை வாங்குவதில் நான் காட்டிய பேராசையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தைக்குப் போய் வெண்டை, கொத்தவரை, சுரை, பீர்க்கன், தண்டுக்கீரை என்று வாங்கியது சரி. அதோடு நில்லாமல், படம் போட்ட பாக்கெட்டுகளில் கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் விதைகளையும் வாங்கி வந்தேன். பாக்கெட்டின் பின்னால் ‘வசந்த காலத்தில் விதைக்கவும்’ என்று அச்சடித்திருந்தது. எந்த ஊர் வசந்தம் என்று அதில் போடவில்லை. ஓசூர், தளிப் பக்கம் என்றால் பரவாயில்லை. அது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். பங்குனியிலும் இரவில் போர்வை கேட்கும். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை அதுவும் நாங்களும் ஒரே மாவட்டம்தான், ஆனால் செடிக்கு மாவட்ட எல்லை தெரியாது, உயரம்தான் தெரியும். என் முட்டைக்கோஸ் நாற்றுகள் நான்கு இலை விட்டன. ஐந்தாவதை விடுவதற்குள் சுருண்டன. கேரட்டில் இலை வந்தது. பிடுங்கிப் பார்த்தபோது அடியில் எலிவால் மாதிரி ஒன்று இருந்தது. என் மகன் அதைத் தட்டில் வைத்துப் படம் எடுத்தான்.

தக்காளியும் வைத்தேன், அதை ஒப்புக்கொள்ள இன்னும் வெட்கமாக இருக்கிறது. ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகள் இருக்கும் பகுதியில் கோடைக்குத் தக்காளி வளர்ப்பது கடற்கரையில் உப்பு விற்பது மாதிரி. விலை விழுந்தால் கிலோ சில ரூபாய்க்கு வந்துவிடும். பறிகூலிகூடக் கட்டாது என்று விவசாயிகள் சாலையோரம் கொட்டிவிட்டுப் போன வருடங்களும் உண்டு. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதையும் பார்த்தோம். அந்த ஜூலைதான் என் மனத்தில் பதிந்திருந்தது. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் பையூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஊர்ப் பெயரிலேயே ‘பையூர் 1’ என்று ஒரு தக்காளி ரகம்கூட உண்டு. ஆகவே வந்துவிடும் என்று நம்பினேன். செடி வந்தது, பூவும் வந்தது. வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாமல் போனதும் பூக்கள் காம்போடு உதிர்ந்தன. மகரந்தம் சூட்டில் வீரியம் இழந்துவிடுவதால் காய் பிடிப்பதில்லை. பதினொரு செடியில் ஏழு பழம். அன்றைக்கு மண்டியில் என்ன விலை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, அதுவரைக்கும் நல்லவர்கள்.

ஆனால் இதெல்லாம் சில்லறைத் தவறுகள். உண்மையான பாடம் தண்ணீரில் வந்தது.

எங்கள் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஆலை எதுவும் கலந்ததல்ல, பாறையிலேயே இருப்பது. கிரானைட், நைஸ் பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து அது மெல்ல மெல்ல நீரில் இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. இங்கே பல கிணறுகள் அதைத் தாண்டியவை. என் கணவருக்கு முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெற்றிலை போடுவீர்களா என்று கேட்காத ஆள் இல்லையாம். பல் உருவாகும் வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீர் வைத்த முத்திரை அது. எந்தப் பற்பசைக்கும் போகாது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின், நான் சின்ன வயதில் வாய்க்காலில் குளித்த அதே காவிரி இங்கே குழாயில் வருகிறது. ஆனாலும் பழைய பயம் போகாமல், எங்களைப் போலப் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீருக்கென்று ஆர்.ஓ. இயந்திரம் ஒன்று சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த இயந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்கு இரண்டு மூன்று குடத்தை வெளியே தள்ளுகிறது. அது சாக்கடைக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து மனம் ஆறாமல், குழாயை நீட்டித் தொட்டிகளுக்கு விட்டேன். என்ன ஒரு சாமர்த்தியம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். மூன்றாவது வாரம் வெண்டை இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகியது. வெயில் என்று நினைத்துப் பச்சை நிழல்வலை வாங்கிக் கட்டினேன். கருகல் நிற்கவில்லை. கத்திரி நாற்று இரண்டு செத்தன.

பக்கத்து வீட்டு ஆயா ஒருநாள் மதில் ஓரமாக வந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர். காலமெல்லாம் கொல்லையில் பாடுபட்டுவிட்டு, இப்போது மகன் வீட்டில் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார வைக்கப்பட்டிருப்பவர். செடியைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தார். மண்தொட்டியின் வெளிப்புறத்தில் விளிம்புக்குக் கீழே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருந்தது. ஆள்காட்டி விரலால் அதை ஒரு தேய்ப்புத் தேய்த்து, நாக்கு நுனியில் வைத்தார். முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

“கரிக்கிறது கண்ணு. செடிக்கு ஊறுகாய் போடுகிறாயா?”

அவ்வளவுதான் பரிசோதனை. நல்ல தண்ணீரைப் பிரித்து எடுத்தபின் மிச்சத்தில் உப்பெல்லாம் திரண்டுதானே இருக்கும்? இது எனக்குத் தெரியாததல்ல, பிளஸ் டூவில் வேதியியல் படித்தவள். சமையலறையில் நிற்கும்போது படித்தது ஞாபகம் வருவதில்லை. இப்போது அந்தத் தண்ணீர் வாசல் கழுவவும் கழிப்பறைக்கும் போகிறது. தொட்டி மண்ணைக் கொட்டி, அலசி, மக்கிய சாணம் கலந்து திரும்ப நிரப்ப ஒரு முழு சனிக்கிழமை ஆனது.

அதற்கு மறுநாள்தான் கணக்குப் பார்த்தேன். காலையிலிருந்து இரவு வரை வீட்டில் எங்கெல்லாம் தண்ணீர் புழங்குகிறதோ அங்கெல்லாம் வாளி வைத்துப் பிடித்தேன். அரிசி, பருப்பு, காய் கழுவிய நீர் ஒரு வாளி. பாத்திரத்தில் சோப்பு போன முதல் தண்ணீரைத் தள்ளிவிட்டு, அடுத்தடுத்து அலசியது இரண்டு வாளி. துணியின் கடைசி அலசல் மூன்று வாளி. ஆக மொத்தம் ஆறு வாளி, ஏறக்குறைய 100 லிட்டர். குளியல் தண்ணீர் தனி. அது சோப்போடு வாழைக்கும் கல்வாழைக்கும் போகிறது, அவை எதையும் சமாளிக்கும். வருடத்துக்கு 850 மில்லிமீட்டர் வாக்கில் மழை பெய்கிற ஊரில், அதிலும் பங்குனிக்கும் வைகாசிக்கும் நடுவே இரண்டு மூன்று கோடை மழையை நம்பி இருக்கிற நாட்களில், என் தோட்டத்தின் பரப்பளவு இருபதுக்குப் பதினைந்து அடி அல்ல. ஆறு வாளி.

அப்படிப் பார்த்ததும் எல்லாம் சுலபமாகிவிட்டது. ஒரு சுரைக்கொடிக்கு ஒரு வாளி. பீர்க்கனுக்கு ஒன்று. பதினைந்து வெண்டைக்கும் ஒரு வரிசை கொத்தவரைக்கும் சேர்த்து ஒன்றரை. கீரைப் பாத்திக்கு ஒன்று. ஒரு பந்தல் அவரைக்கு ஒன்று (அந்த அவரை கதைக்கு வருகிறேன்). கறிவேப்பிலைக்கு மிச்ச அரை வாளி. ஏழாவது வாளி கேட்கும் செடி எதுவாக இருந்தாலும், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், வைப்பதில்லை. கேரட்டுக்கும் தக்காளிக்கும் அன்றோடு விடை கொடுத்தேன்.

இதையெல்லாம் அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். பழைய வீட்டில் பாத்திரம் துலக்கும் கல்லுக்குப் பக்கத்தில்தான் எப்போதும் அவரைப்பந்தல் இருக்குமாம். யாரும் தனியாகத் தண்ணீர் ஊற்றியதே இல்லையாம். அப்போது பாத்திரத்துக்குச் சாம்பலும் புளியும், தலைக்குச் சீகைக்காயும் அரப்பும். விறகுச் சாம்பலில் சாம்பல் சத்து இருக்கிறது, பெயரிலேயே இருக்கிறது. கழுவிய தண்ணீரே உரமாகப் போயிருக்கிறது. நான் வாளி வைத்து அளந்து கண்டுபிடித்ததை அவர்கள் கல்லை எங்கே போடுவது என்பதிலேயே முடித்துவிட்டார்கள்.

இனி குழி. சுரைக்கு ஒன்றரை அடி ஆழம், அகலமும் அவ்வளவே. பாறை விட்ட அளவுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் காய்ந்த இலை, அதன்மேல் ஆட்டுப் புழுக்கை, ஒரு கை வேப்பம் புண்ணாக்கு, மேல்மண். நனைத்து ஒரு வாரம் ஆறப்போட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே கிளம்பும் சூட்டில் விதை வெந்துபோகும். விதையை இரவு ஊறவைத்து ஐந்து ஊன்றினால், ஒரு வாரத்தில் மூன்றாவது எட்டிப் பார்க்கும். வாட்டமானதைக் கிள்ளிவிட்டு ஒன்றை நிறுத்தினேன். கிள்ளும்போது மனசு கேட்காது. ஆறு வாளியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஈரத்தைக் காப்பாற்ற மூடாக்கு வேண்டும் என்று ஆயா சொல்லிக்கொண்டே இருந்தார். பாலக்கோட்டில் கரும்பு வெட்டிய உறவினர் தோட்டத்திலிருந்து இரண்டு மூட்டை சோகை, அதாவது கரும்பின் காய்ந்த தோகை, கொண்டுவந்தோம். அரை அடிக்குப் பரப்பியதும் மண்ணே தெரியவில்லை. நட்டநடுப் பகலில் கையை விட்டுப் பார்த்தால் உள்ளே சில்லென்று இருந்தது. தகடூர் என்ற பழைய பெயரில் இந்த ஊரை ஆண்ட அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று சங்கப் பாட்டில் இருக்கிறது. கொண்டுவந்தவர்கள் சாற்றை நினைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் சோகைக்காகவே அவர்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

பீர்க்கனுக்குப் பக்கத்தில் அத்தை வேறொரு வேலை செய்தார். விளிம்பு உடைந்த பழைய பானை ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு தட்டால் மூடிவிட்டார். சுட்ட மண்ணின் நுண்துளை வழியாக ஈரம் கசிந்து வேர்களுக்குப் போகிறது. மண் காய்ந்திருந்தால் அதிகம் கசிகிறது, நனைந்திருந்தால் நின்றுகொள்கிறது. இரண்டு நாள் ஊருக்குப் போனாலும் கொடி தலைதொங்கவில்லை. சொட்டுநீர்க் குழாய் வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தில் புதுப் பானை இரண்டு வாங்கிக்கொண்டேன்.

சுரை நாற்பதாம் நாள் பூத்தது. வெள்ளை வெளேரென்று பத்துப் பன்னிரண்டு பூ. ஒன்றும் காய்க்கவில்லை, மறுநாள் வாடி விழுந்தன. பயந்துபோனேன். முதலில் வருவதெல்லாம் ஆண் பூதான் என்றார் ஆயா. ஆண் பூவுக்கு மெல்லிய நீளக் காம்பு. பெண் பூவுக்குக் கீழே, பிறக்கும்போதே, விரல்நுனி அளவில் ரோமம் போர்த்த ஒரு குட்டிச் சுரைக்காய். பெண் பூக்களும் வந்தன. அந்தக் குட்டிகள் ஓரிரு நாளில் மஞ்சளாகி உதிர்ந்தன. சுரைப்பூ மாலையில் மலர்வது. அந்த நேரத்துக்கு வர வேண்டிய அந்துப்பூச்சிகள் எங்கள் தெருவில் குறைந்துவிட்டன போலிருக்கிறது.

ஆகவே நானே பூச்சியானேன். இரவு ஏழரை மணி. ஒரு கையில் செல்போன் விளக்கு. ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டை மட்டும் விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டேன். மாவில் தொட்டெடுத்த மாதிரி விரலில் மஞ்சள் ஒட்டியது. பெண் பூவின் நடுவில் இருக்கும் பிசுபிசுப்பான சூலகமுடியில் அதை மெல்லத் தடவினேன், மூன்று மடல்களிலும். பச்சைக் காய் வாசனையும் லேசான கஸ்தூரி வாசனையும் கலந்து வந்தது. உள்ளேயிருந்து கணவர், யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். நான் பேசியது எனக்கே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் அந்தக் குட்டி கட்டைவிரல் அளவு. பன்னிரண்டாம் நாள் முழங்கை நீளம். அந்தக் கொடியில் ஆடி வரை பத்தொன்பது காய் பறித்தோம். பழ ஈ குத்திக் கோணலாகிப் போனவை இதில் சேராது. தெருவில் சுரைக்காய் வாங்காத வீடு என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்தினார்கள். வெண்டை சுமார்தான். வெள்ளை ஈ வந்து, மஞ்சள் நரம்புத் தேமல் பரவி, ஆறு செடிகளைப் பிடுங்கினேன். கொத்தவரை வெயில் ஏற ஏறச் செழித்தது. அதைக் கவனிக்கவே வேண்டாம் என்பதால் எழுதவும் ஒன்றுமில்லை. தண்டுக்கீரைக்கு எதிரி பக்கத்து வீட்டுக் கோழி. அதைப் பற்றி எழுதினால் ஆயாவோடு சண்டை வரும்.

இப்போது அவரை. மாசியில் ஆயாவிடமிருந்துதான் விதை வாங்கினேன். சாம்பல் போட்டு டப்பாவில் வைத்திருந்தார், கறுப்பில் வெள்ளைப் புருவம் தீட்டிய விதைகள். எதற்கு, எப்போது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊன்றினேன். நான்கே நாளில் முளைத்தது. சித்திரையில் பந்தல் ஏறியது. வைகாசியில் பந்தலை மூடியது. ஆனியில் மதில் தாண்டி ஆயா வீட்டுத் துணிக்கொடியைப் பிடித்தது. ஒரு பூ இல்லை.

“இதை எப்போது போட்டாய்?”

“மாசியில், ஆயா.”

“மாசியில் யாராவது அவரை போடுவார்களா கண்ணு? ஆடியில் போட்டால் மார்கழிக்குக் காய்க்கும். மாசியில் போட்டாலும் மார்கழிக்குத்தான் காய்க்கும்.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. நாட்டுப் பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூவெடுக்கும். எங்கள் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட முழுதாக வித்தியாசம் இல்லை, ஆனாலும் அந்தக் கொடிக்கு அது தெரிந்துவிடுகிறது. எந்தப் பருவத்திலும் காய்க்கும்படி உருவாக்கிய குத்து அவரை ரகங்கள் வேறு உண்டு. மாசியில் ஆசை வந்தால் அவற்றைத்தான் போட வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை இத்தனை நாளும் மழைக்கான பழமொழி என்றே நினைத்திருந்தேன்.

பிடுங்கிவிடலாம் என்று கணவர் சொன்னார். அத்தை கூடாது என்றார், இலையும் நிழலும் ஆகிறதே என்று. உண்மைதான், வைகாசி வெயிலில் அந்தப் பந்தல் நிழலில்தான் கீரை பிழைத்தது. அப்படியே விட்டேன். ஒரு நாளைக்கு ஒரு வாளி. ஐப்பசி மழைக்குப் பிறகு கார்த்திகையில் ஒருநாள் காலை, இலைகளுக்கு மேலே ஊதா நிறத்தில் ஈட்டி ஈட்டியாக நீட்டிக்கொண்டிருந்தது. பின்னாலேயே கருகருவென்று அசுவினிப் பூச்சி வந்தது. பனி ஈரம் காய்வதற்குள் சாம்பலைச் சலித்துத் தூவினோம், அத்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆயா, இன்னும் மேலே, இன்னும் மேலே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு அவரையும் மொச்சையும் போட்டுக் குழம்பு வைத்தோம். அந்தக் கொடிக்கு மழை நாட்கள் போக எத்தனை வாளி ஊற்றியிருப்பேன் என்று மகன் கணக்குப் போட்டுப் பார்த்தான். இருநூற்றுச் சொச்சம் வந்தது. கிலோவுக்கு எவ்வளவு என்று வகுக்கப் போனவனை, குழம்பு ஆறுகிறது, சாப்பிடு என்றார் அத்தை.

வாங்கிய விதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். முற்றிய காய்களை உலர்த்தி, ஒரு படி எடுத்து ஆயாவிடம் கொடுத்தேன். மிச்சத்தைச் சாம்பலில் புரட்டி டப்பாவில் போட்டேன். இன்று மாசி 20. புங்க மரம் இலை கொட்டத் தொடங்கிவிட்டது, சுரை விதை கிண்ணத்தில் ஊறுகிறது. அவரை டப்பாவின் மூடிமேல் ‘ஆடி 18க்கு முன் திறக்காதே’ என்று என் கையாலேயே எழுதி ஒட்டி, எனக்கு எட்டாத பரணில் வைக்கச் சொல்லிவிட்டேன்.